கடிகாரத்தைத் தொழுவத்தில் மாட்டுங்கள்: மாடு, ஆடு, குதிரை ஈனும் நேரத்துக்கு ஒரு வழிகாட்டி

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, விடாத மழை. ரெண்டு மணிக்குக் கைப்பேசி அடித்தது. சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டுப் பள்ளத்தூர்ப் பக்கம் பூர்வீக வீட்டுக்குத் திரும்பி, ஆசையாய் ஒரு சினை மாடு வாங்கிக் கட்டியிருந்த தம்பிதான் பேசினான்.

"அண்ணே, மாட்டுக்குப் பின்னாடி பலூன் மாதிரி என்னமோ தொங்குது. பக்கத்து வீட்டுல கயிறு எடுத்துட்டு வந்துட்டாக. இழுத்துறவா?"

"இழுக்காத தம்பி. மணி என்னன்னு பாரு. பாத்து எழுதி வை. அப்புறம் என்ன தெரியுதுன்னு சொல்லு."

அதற்குமேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று மணிக்குள் கிடேரிக்கன்று ஒன்று தானாக வந்து விழுந்தது. கயிறு கொண்டுவந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, பின்னால் தோட்டத்தில் ஒரு மாடு, நாலு ஆடு என்று ஆரம்பிப்பவர்கள் எனக்குத் தெரிந்தே எங்கள் பக்கம் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஈனும்போது நான் என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். நல்ல பிரசவத்துக்கு உங்கள் கை தேவையில்லை, கண்ணும் கடிகாரமும் போதும். ஆனால் உயிருக்கு உயிர் கடிகாரம் வேறு. மாட்டுக் கணக்கை வைத்துக்கொண்டு குதிரைக்குக் காத்திருந்தால் குட்டி மிஞ்சாது. நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷமாய் மாடும் ஆடும் வைத்திருப்பவன். டாக்டரை எப்போது கூப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்டதுதான் இந்த முப்பது வருஷத்தில் நான் படித்த படிப்பு.

நாள் கணக்கு

பசுவுக்கு ஒன்பது மாதம் ஒன்பது நாள் என்பாள் எங்கள் அப்பத்தா. புத்தகத்தில் 280 முதல் 285 நாள் என்று போட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான். தைப்பொங்கலன்று சினை ஊசி போட்டிருந்தால் ஐப்பசி முதல் பத்து நாளுக்குள் கன்று. அதாவது சரியாக அடைமழை தொடங்கும் நேரம். கொட்டகை ஒழுகுகிறதா என்பதைப் புரட்டாசியிலேயே பார்த்துவிடுங்கள்.

எருமைக்கு ஏறத்தாழ 310 நாள். வெள்ளாடு, செம்மறி இரண்டுக்கும் ஐந்து மாதம், சுமார் 150 நாள். ஆடி பிறந்ததும் கிடாயோடு சேர்ந்த ஆடு கார்த்திகைக் கடைசியில் குட்டி போடும். பன்றிக்கு மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள், மொத்தம் 114. நாய்க்கு 63. குதிரைதான் கணக்குக்கு அடங்காதது. பதினோரு மாதம், சராசரி 340 நாள் என்று சொல்லலாமே தவிர, 320 நாளில் போட்டாலும் சரி, 365 நாள் இழுத்தாலும் சரி, இரண்டும் இயல்புதான். குதிரைக்கு நாட்காட்டியை நம்பாதீர்கள், மடியைப் பாருங்கள்.

சந்தையில் "நிறைசினை" என்று சொல்லி விற்ற மாட்டுக்குத் தேதி இருக்காது. ஊசி போட்ட அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கால்நடை மருந்தகத்து டாக்டரைக் கைவிட்டுப் பார்த்து மாதம் சொல்லச் சொல்லுங்கள். கறவை மாடாக இருந்தால் கடைசி இரண்டு மாதம் கறப்பதை நிறுத்திவிட வேண்டும். மடிக்கு ஓய்வு கிடைத்தால்தான் சீம்பால் நன்றாக ஊறும்.

இடமும் சாமானும்

எங்கள் ஊர் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பின்கட்டு காலியாகத்தானே கிடக்கிறது என்று மாட்டை அங்கே கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். கல்தரை, சிமெண்டுத் தரை, சில வீட்டில் ஆத்தங்குடிக் கல்கூடப் பதித்திருப்பார்கள். மனிதர் நடக்கவே வழுக்கும். பனிக்குடத் தண்ணீர் அதில் கொட்டினால் கேட்கவே வேண்டாம். பின்னங்கால் இரண்டும் விரிந்து விழுந்த மாடு மறுபடி எழுந்திருப்பது பெரும்பாடு. செம்மண் தரையில், மேடான இடத்தில், பத்துக்குப் பத்தடி தடுத்து, காய்ந்த வைக்கோலைக் கணுக்கால் புதையப் பரப்புங்கள். குதிரைக்கு இன்னும் பெரிய இடம் வேண்டும், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியாவது. கடைசி நாட்களில் மூக்கணாங்கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக் கட்டாதீர்கள். அவிழ்த்துவிட்டால் அதுவே தனக்குத் தோதான பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். கட்டிப்போட்ட மாடு சுவரில் பின்பக்கத்தை முட்டிக்கொண்டு படுத்து, கன்று வர வழியில்லாமல் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. சுவர்க்கடிகாரம் ஒன்று, தொழுவத்திலேயே மாட்டிவிடுங்கள். கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். ராத்திரி அதன் வெளிச்சத்திலேயே வேலை பார்த்து, சார்ஜ் தீர்ந்து, டாக்டரைக் கூப்பிடும் நேரத்தில் அணைந்துபோகும். டார்ச் லைட், சோப்பு, இரண்டு வாளி, கையுறை, பழைய பருத்தி வேட்டி இரண்டு மூன்று, கொதிக்க வைத்த நூல், புது பிளேடு, பொவிடோன் அயோடின் பாட்டில், பால் புகட்டும் பாட்டில். உங்கள் ஊர் மருந்தக டாக்டரின் எண்ணும், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் 1962 என்ற எண்ணும் சுவரில் கரிக்கட்டியால் எழுதியிருக்கட்டும். ராத்திரியில் யார் வருவார் என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அந்தக் கேள்வியை ராத்திரி ஒரு மணிக்குக் கேட்கக் கூடாது.

மாடு காட்டும் அடையாளங்கள்

முதல் ஈத்துக் கிடேரி சில வாரம் முன்பிருந்தே மடி விடும். பல ஈத்துப் போட்ட மாட்டுக்கு மடி கடைசி வாரத்தில்தான் இறங்கும், சில மாட்டுக்குக் கடைசி இரண்டு நாளில். பிறப்புறுப்பு வீங்கித் தொளதொளவென்று நீளும். கண்ணாடி நூல் மாதிரி சளி தொங்கும். இவையெல்லாம் "சீக்கிரம்" என்று சொல்லுமே தவிர "இன்றைக்கு" என்று சொல்லாது. இன்றைக்கு என்று சொல்வது வாலடிக் குழி. வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கட்டியாக இருக்கும் தசைநார் தளர்ந்து, விரல் அமுங்குகிற அளவுக்குக் குழி விழுந்துவிட்டால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் கன்று. பத்து நாள் முன்பிருந்தே தினமும் ஒருமுறை அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். தொட்டுப் பழகிய கைக்குத்தான் மாற்றம் தெரியும்.

ஒரு சின்ன உபாயம். நிறைசினையில் கடைசி இரண்டு மூன்று வாரம் தீவனத்தை இருட்டிய பிறகு வையுங்கள். அப்படி வைத்த மாடுகள் பகலில் ஈனுவது கூடுகிறது என்று ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டிருக்கிறார்கள். என் தொழுவத்தில் அது முழுக்கப் பலித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் செலவில்லாத காரியம்.

வலி எடுத்த பிறகு

பிரசவம் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் கருப்பையின் வாய் திறக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. மாடு தீனியை விட்டுவிட்டு ஒதுங்கும், படுக்கும், எழும், வாலைத் தூக்கும், வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாணி போடும். இது இரண்டு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் போகும். தலைச்சன் ஈத்தென்றால் பன்னிரண்டு மணி நேரம்கூட. இந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது தள்ளி உட்காருவது. உறவுக்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், வீட்டு நாய், எல்லாரையும் வெளியே அனுப்புங்கள். கூட்டம் கூடினால் மாடு வலியை அடக்கிக்கொள்ளும்.

இரண்டாம் கட்டம் தண்ணீர்க்குடம் வெளியே தெரிவதிலிருந்து தொடங்குகிறது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டியது இங்கேதான். முதலில் ஒரு பை வந்து உடையும், வெளிர் மஞ்சளாய்த் தண்ணீர் கொட்டும். அடுத்து வெண்மையான, வழவழப்பான இன்னொரு பை. அதுதான் கன்றைச் சுற்றியிருக்கும் பனிக்குடம். இரண்டையும் கையால் உடைக்காதீர்கள். வழியை மெல்ல விரித்துக்கொடுப்பது அந்தப் பைகளின் வேலை.

வெள்ளைப் பைக்குள் இரண்டு குளம்பு தெரியும். அடிப்பாகம் தரையைப் பார்த்தபடி, ஒரு கால் சற்று முன்னே, ஒரு கால் சற்றுப் பின்னே. அதற்கு மேலே மூக்கு, சில சமயம் நாக்கு நுனி. ஊருணிக் கரையிலிருந்து கையிரண்டையும் நீட்டி, நடுவில் தலையைச் செருகித் தண்ணீரில் பாய்கிற பையனை நினைத்துக்கொள்ளுங்கள். கன்று வர வேண்டிய வாகு அதுதான். ஆடு, குதிரை எல்லாவற்றுக்கும் அதுவே.

குளம்பின் அடிப்பாகம் வானத்தைப் பார்த்திருந்தால் அது பின்னங்காலாக இருக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெளியே வந்த காலை மடக்கிப் பாருங்கள். குளம்புக்கு மேலே முதல் மூட்டும் அதற்கடுத்த மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரெதிர்ப் பக்கம் மடங்கினால் பின்னங்கால். பின்னங்கால் இரண்டும் சேர்ந்து முதலில் வருவதும் பிழைக்கக்கூடியதுதான். ஆனால் இடுப்பு வெளியே வந்ததும் தொப்புள்கொடி உள்ளே நசுங்கும், தலையோ இன்னும் தண்ணீருக்குள் இருக்கும். ஆகவே பின்னங்கால் என்று தெரிந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஒரு கால் மட்டும் தெரிகிறது, கால் இரண்டும் இருக்க மூக்கைக் காணோம், மூக்கு இருக்கக் கால்களைக் காணோம், கைக்கு வால் மட்டும் தட்டுப்படுகிறது: இந்த நாலுக்கும் கடிகாரம் பார்க்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். எல்லாம் சரியான வாகில் இருந்தால்தான் கடிகாரம். பல ஈத்துப் போட்ட மாடு குடம் தெரிந்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். கிடேரிக்கு இரண்டு மணி வரை பொறுக்கலாம். ஆனால் அரைமணி நேரம் முக்கியும் குளம்பு ஓர் அங்குலம்கூட முன்னேறவில்லை என்றாலோ, நன்றாக முக்கிக்கொண்டிருந்த மாடு கால்மணிக்கு மேல் ஓய்ந்து கிடந்தாலோ அந்த ஒரு மணி, இரண்டு மணிக் கணக்கெல்லாம் செல்லாது.

கயிறு போட்டு இழுப்பதைப் பற்றி எனக்குக் கசப்பான அனுபவம் உண்டு. இருபத்தைந்து வயதில் என் முதல் சொந்த மாடு, தலைச்சன் ஈத்துக் கிடேரி. குளம்பு தெரிந்ததும் பதற்றம் தாங்கவில்லை. நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தோம். குடம் தெரிந்து கால்மணிகூட ஆகியிருக்காது. கன்று பிழைத்தது. கிடேரிக்கு உள்ளே கிழிந்து, தைத்த இடம் சீழ்வைத்து, அதற்குப் பிறகு சினையே பிடிக்கவில்லை. குற்றம் முழுக்க என்னுடையதாக இருக்க, அதை விற்க மனசு வரவில்லை. பத்து வருஷம் சும்மா கட்டி வைத்துத் தீனி போட்டேன். வழி முழுக்கத் திறக்கும் முன் இழுத்தால் நடப்பது இதுதான். டாக்டர் வந்துகொண்டிருக்கும்போது கைப்பேசியிலேயே இழுக்கச் சொன்னால் மட்டும் இழுங்கள். மாடு முக்கும்போது மட்டும், ஒரு கால் மாற்றி ஒரு கால், இரண்டு பேர் பலத்துக்கு மேல் போகாமல், தோள் வெளியே வந்த பிறகு மாட்டின் கணுக்காலை நோக்கிக் கீழ்ப்பக்கமாக.

கன்று விழுந்ததும்

மூக்கிலும் வாயிலும் இருக்கும் சளியை விரலால் வழித்துவிடுங்கள். முகத்தை மூடிப் பனிக்குடத் தோல் ஒட்டியிருந்தால் கிழித்துவிடுங்கள். மூச்சு தயங்கினால் வைக்கோல் நுனியை மூக்குக்குள் விட்டுக் குறுகுறுக்கச் செய்தால் தும்மும். காய்ந்த வைக்கோலால் முதுகையும் விலாவையும் அழுத்தித் தேயுங்கள். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். அப்போது வருவது பெரும்பாலும் வயிற்றுத் தண்ணீர். குடலின் பாரம் மார்பை அழுத்தி மூச்சைத்தான் கடினமாக்கும். நெஞ்சு தரையில் படிய, காலை மடக்கி உட்கார்த்தி வைப்பது நல்லது. பிறகு தாயிடம் விட்டுவிடுங்கள். அது நக்குகிற நக்கில் கன்றுக்கு ரத்தம் ஓடும்.

தொப்புள்கொடி பெரும்பாலும் தானே அறும். அறாவிட்டால் வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே வெட்டுங்கள். அறுந்த நுனியை அயோடினில் முக்குங்கள். மேலே தடவினால் போதாது, சின்னக் கிண்ணத்தில் ஊற்றி முழுவதும் நனையும்படி முக்க வேண்டும். மழைக்காலச் சேற்றில் தொப்புள் வழியாக ஏறும் சீழ் மூட்டுகளில் போய் உட்கார்ந்தால் கன்று நொண்டும்.

புலிக்குளம் என்ற நாட்டு இன மாடு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிராவயல் மஞ்சுவிரட்டில் சீறிப் பாயும் காளையைப் பெற்றவள் அவள் என்பதை மறக்காதீர்கள். கன்று போட்ட புதிதில் எசமானையே முட்ட வரும். பிரசவம் பெரும்பாலும் சுலபமாக முடிந்துவிடும் என்பதால், அங்கே உங்களுக்கு வேலையும் குறைவுதான். வேலிக்கு வெளியே நில்லுங்கள்.

சீம்பால் யாருக்கு

அப்பத்தாவோடு எனக்குச் சண்டை வந்த இடம் இது. நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, விழும் வரை கன்றை ஊட்ட விடக்கூடாது என்பாள். ஊர் முழுக்க அப்படித்தான் நம்பினார்கள், இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மை நேர் எதிர். கன்று காம்பைச் சப்பும்போது சுரக்கிற ஆக்சிடோசின்தான் பாலையும் இறக்குகிறது, கருப்பையையும் சுருங்க வைக்கிறது; அப்படிச் சுருங்கினால்தான் நஞ்சும் விழும். ஊட்டக் கொடுப்பது இரண்டு காரியத்துக்கும் மருந்து.

கன்றின் பக்கம் இதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. மனிதக் குழந்தை தாயின் நோய் எதிர்ப்பில் ஒரு பங்கை வயிற்றிலிருக்கும்போதே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. மாட்டிலும் ஆட்டிலும் குதிரையிலும் நஞ்சுக்கொடி அதைக் கடத்துவதில்லை. கன்று வெறுங்கையோடு பிறந்து, சீம்பாலில்தான் அதைப் பெறுகிறது. அதைக் குடல் அப்படியே உறிஞ்சும் கதவும் முதல் சில மணி நேரம்தான் அகலத் திறந்திருக்கும். பிறகு குறுகிக்கொண்டே வந்து ஒரு நாளில் மூடிவிடும். ஆகவே முதல் இரண்டு மணிக்குள் முதல் ஊட்டு. மொத்த அளவு கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 30 கிலோக் கன்றென்றால் முதல் நாளில் மூன்று லிட்டர், அதில் பாதி முதல் சில மணி நேரத்திலேயே போய்விட வேண்டும். எழுந்து நிற்க முடியாத கன்றுக்குக் கறந்து பாட்டிலில் புகட்டுங்கள். தலையை ரொம்பத் தூக்கினால் புரையேறும்.

கருப்பட்டி, ஏலக்காய் தட்டிப் போட்டுச் சீம்பாலைக் காய்ச்சித் தெருவுக்கே கொடுக்கும் வழக்கத்தை விட வேண்டாம். எனக்கும் பிடிக்கும். கன்று குடித்து மிஞ்சியதில் செய்யுங்கள், அவ்வளவுதான்.

நஞ்சு விழுவது மூன்றாம் கட்டம்

பசு பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நஞ்சு போட்டுவிட வேண்டும். தொங்குவதில் கல், செங்கல், பிய்ந்த செருப்பு என்று கட்டிவிடும் வைத்தியம் வேண்டாம். கையால் இழுப்பதும் வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் மொட்டுகள் பிய்ந்து ரத்தம் கொட்டும், சில சமயம் கருப்பையே பின்னால் தள்ளிக்கொண்டு வரும். பன்னிரண்டு மணி தாண்டினால் டாக்டர்.

விழுந்ததை மாடு தின்னாமல் எடுத்துவிடுங்கள். சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டால் பால் பெருகும் என்பது பழைய நம்பிக்கை. ஆலமரத்துக்கும் பால் உண்டல்லவா, அதனால் வந்த கணக்கு. சாக்கு மக்கி விழுந்தால் நாய் இழுத்துக்கொண்டு தெருவெல்லாம் போகும். கருச்சிதைவு நோயுள்ள மாடாக இருந்தால் அந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றும், விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். நஞ்சையும் நனைந்த வைக்கோலையும் கையுறை போட்டு எடுத்து, ஆழமாய்க் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பதுதான் சரி. கர்ப்பிணிப் பெண்கள் இந்த வேலையின் பக்கமே வர வேண்டாம்.

மாட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் வெல்லம் கரைத்து வையுங்கள், ஒரு வாளியை ஒரே மூச்சில் குடித்துவிடும். அடுத்த மூன்று நாள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். நிறையக் கறக்கும் ஜெர்சி கலப்பு மாடு, மூன்றாம் நாலாம் ஈத்து, காது சில்லிட்டு, கால் தள்ளாடி, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிட்டால் அது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்திருக்கும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கியதால் வருவது. டாக்டர் நரம்பில் கால்சியம் ஏற்றினால் கண்ணெதிரே எழுந்து நிற்கும், ஏற்றாவிட்டால் சில மணி நேரத்தில் போய்விடும். படுத்த மாட்டின் வாயில் கஷாயம் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும்.

ஆடு

ஆடு மாட்டின் சின்ன வடிவம்தான், இரட்டை சாதாரணம், மூன்றும் உண்டு என்பதைத் தவிர. குடம் உடைந்து அரைமணி, முக்கால் மணிக்குள் முதல் குட்டி வரும். அடுத்தது பத்து நிமிடத்திலிருந்து அரைமணிக்குள். ஒரு மணி நேரம் முக்கியும் ஒன்றும் வரவில்லை என்றால் இரண்டு குட்டியின் கால்கள் பின்னிக்கொண்டிருக்கலாம். அதைப் பிரிப்பது பழகிய கையின் வேலை.

ஆட்டு மந்தையோடு ஊர் ஊராய்ப் போய்க் கிடை போடும் கீதாரிகளிடம் நான் கற்றது ஒன்றைச் சொல்லலாம். குட்டியைத் துணியால் பளிச்சென்று துடைக்காதே என்பார்கள். தாய் குட்டியை அடையாளம் வைத்துக்கொள்வது வாசனையால். முதல் ஒரு மணி நேரம் நக்கி முகர்ந்தால்தான் "இது என்னுடையது" என்று ஏற்கும். துடைத்து, தூக்கிக் கொஞ்சி, பிள்ளைகள் கையில் கொடுத்துத் திருப்பிக் கொண்டுவிட்டால் முட்டித் தள்ளிவிடும். இரண்டாவது குட்டி வரும்போது முதல் குட்டியைத் தாயின் முகத்துக்கு முன்னாலேயே வையுங்கள்.

குதிரை

எங்கள் பக்கம் உயிருள்ள குதிரையைவிட அய்யனார் கோயில் மண்குதிரைதான் அதிகம். புரவியெடுப்புக்கு வருஷந்தோறும் புதிது புதிதாய் வந்து சேரும், பேறுகாலக் கவலையில்லாத குதிரைகள். உயிர்க்குதிரை என்றால் கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிறவர்களும், வண்டிப் பந்தயத்துக்கு வளர்க்கிறவர்களும்தான். காரைக்குடிக்கு அருகே அப்படி ஒரு நண்பர் இருக்கிறார். அவருடைய பெட்டைக்குதிரை ஈனுவதைப் பார்க்க மூன்று ராத்திரி குழல்விளக்கைப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தோம். அது எங்களைப் பார்த்தது, நாங்கள் அதைப் பார்த்தோம். நாலாம் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வருவதற்குள் குட்டி தரையில் கிடந்தது.

குதிரையின் குணமே அதுதான். பெரும்பாலும் இரவில் ஈனும், அமைதியான நேரம் வரும் வரை முதல் கட்டத்தைத் தள்ளிப்போடவும் அதற்குத் தெரியும். தூரத்திலிருந்து, மங்கிய வெளிச்சத்தில் பாருங்கள். மடி இரண்டு மூன்று வாரம் முன்பே பெருக்கும். காம்பு நுனியில் தேன்மெழுகு மாதிரி மஞ்சள் துளி கட்டினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் குட்டி. மெழுகு கட்டாமலே போடுவதும் உண்டு. நாட்கணக்கில் பால் தானாக ஒழுகினால் சீம்பால் வீணாகிறது என்று அர்த்தம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

வேர்க்கும், படுத்துப் புரளும், திடீரென்று தண்ணீர் கொட்டும். அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இருபது, முப்பது நிமிடத்துக்குள் குட்டி முழுதாக வெளியே இருக்க வேண்டும். மாட்டுக்கு ஒரு மணி, இரண்டு மணி என்று சொன்னேனே, அந்தப் பொறுமை இங்கே கூடாது. குதிரையின் நஞ்சு சீக்கிரம் கழன்றுகொள்ளும், கழன்ற பிறகு உள்ளே இருக்கும் குட்டிக்கு மூச்சு கிடையாது. தண்ணீர் கொட்டிப் பத்து நிமிடத்தில் வெள்ளைப் பையோ குளம்போ தெரியவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பையின் நிறம். நீலம் ஓடிய வெண்மை என்றால் நல்லது. வெல்வெட் துணி மாதிரி சிவப்பாக ஒரு பை பிதுங்கினால், குட்டி வருமுன்பே நஞ்சு கழன்று வருகிறது. இந்தக் கட்டுரையில் டாக்டருக்குக் காத்திராமல் நீங்களே கைவைக்க வேண்டிய அவசரம் இது ஒன்றுதான். அந்தச் சிவப்புப் பையைக் கத்தரியால் உடனே கிழித்து, உள்ளேயிருக்கும் வெள்ளைப் பையையும் திறந்து, காலைப் பிடித்துக் குதிரை முக்கும்போது இழுக்க வேண்டும். நிமிடக் கணக்கு.

எல்லாம் இயல்பாக நடந்தால், குட்டியின் பின்னங்கால் இன்னும் உள்ளே இருக்கத் தாய் அப்படியே படுத்து இளைப்பாறும். தொப்புள்கொடி அறாமல் இருக்கும். அவசரப்பட்டுத் தாயை எழுப்பாதீர்கள், கொடியை வெட்டாதீர்கள். தாய் எழும்போதோ குட்டி நகரும்போதோ அதற்கென்று உள்ள இடத்தில் தானே அறும். பிறகு நுனியை அயோடின் கரைசலில் முக்குவது மாட்டுக்குச் சொன்னது போலத்தான்.

அதன்பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள் குதிரைக்காரர்கள். ஒரு மணிக்குள் குட்டி நிற்க வேண்டும், இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சு விழ வேண்டும். இந்த மூன்றாவதில்தான் மாடு வளர்த்தவர்கள் தவறுகிறார்கள். மாட்டுக்குப் பன்னிரண்டு மணி பொறுத்த பழக்கத்தில் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தூங்கப் போய்விடுவார்கள். குதிரைக்கு நஞ்சு தங்கினால் விஷம் ஏறி, குளம்புக்குள் வீக்கம் கண்டு, உயிருக்கே உலையாகும். தொங்குவதை அது மிதித்துவிடாமல் முடிச்சாக முடிந்து மேலே கட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். விழுந்த நஞ்சை விரித்து வையுங்கள், முழுதாக வந்திருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். குட்டி முதல் நாளில் கறுத்த உருண்டைச் சாணி போட்டுவிட்டதா என்றும் பாருங்கள். வாலைத் தூக்கி முக்கிக்கொண்டே இருந்தால் அடைத்திருக்கிறது.

மற்றவை

எருமை வலியெடுத்துத் தவிக்கிறது, மணிக்கணக்கில் குடமே தெரியவில்லை என்றால் கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். எருமையில் இது அடிக்கடி வரும், தானாகச் சரியாகாது. நாய்க்கும் பன்றிக்கும் குட்டி பின்னங்கால் முதலாக வருவதும் இயல்பு, பயப்பட வேண்டாம். நாய் முதல் குட்டிக்கு முன் பச்சையாக ஒழுக்கினாலோ, அரைமணி விடாமல் முக்கியும் குட்டி வராவிட்டாலோ டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பசுவுக்குப் பத்துப் பதினைந்து நாள் வரை பழுப்புச் சிவப்பாய் அழுக்கு போகும். நாற்றம் இல்லாதவரை கவலை இல்லை. கன்று விழுந்த தேதி, நேரம், நஞ்சு விழுந்த நேரம் மூன்றையும் சினை ஊசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். அறுபது நாள் கழித்து மாடு பருவத்துக்குக் கத்தும்போது டாக்டர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். பள்ளத்தூர்த் தம்பி அதையும் சுவரிலேயே எழுதிவிட்டான், 1962-க்குப் பக்கத்தில், கரிக்கட்டியால்.